தெக்குச் செவுத்துத் தகரம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அப்படி ஓரமாக் கெடக்கட்டும். சோலாருக்கு எடம் பாக்க வந்தவரு நீங்கதானுங்களே? காலையிலயே போன் பண்ணிச் சொன்னாங்க, ஆள் வரும்னு. எங்கூட்டுக்காரரு பால் சொசைட்டி வரைக்கும் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. அவரு வந்து ஆகப்போறது ஒண்ணுமில்ல. மாடிச் சாவி என்ற இடுப்புலதான் இருக்குது. இந்த ஊட்டுல சாவியும் சண்டையும் துளசிமணி பொறுப்புன்னு அவரே ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு.

மாடிக்கு அப்பறம் போலாம். மோர் குடிங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் மொதல்ல கேட்டுக்கறனுங்க. பக்கத்து ஊட்டு மாடியில ஆறு பேனல் இருக்குது. ரோட்டுல வர்றப்பவே பாத்திருப்பீங்க, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் மின்னுது. எங்களுக்கு ஏழு போடணும். எட்டுன்னாலும் சரி. ஆறு மட்டும் வேண்டாம்.

தேவைக்குத் தகுந்த மாதிரித்தான் போட முடியும்ங்கறீங்க. சரி, என்ற தேவை என்னன்னு தெரிஞ்சாத்தான நீங்க போடுவீங்க? அதான் சொல்றேன், கேளுங்க. பொறாமைல பேசறேன்னு மட்டும் நெனச்சுப்போடாதீங்க. எனக்கு அந்தக் கொணமே கெடையாது. வேணும்னா இந்த வீதியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அந்த மூணாவது ஊட்டுல மட்டும் கேக்காதீங்க, அவ ஒரு மாதிரி.

பக்கத்து ஊடுன்னா யாரோ எவரோ இல்லீங்க. என்ற கொழுந்தனாரு ஊடு. எங்கூட்டுக்காரருக்கு ஒரே தம்பி, தங்கவேலுன்னு பேரு. அவரு சம்சாரம் சாந்தாமணி, எனக்கு ஓரகத்தி. என்னை அக்கான்னுதான் கூப்புடுவா. கூப்புட்டுட்டு இருந்தா. முன்னால எல்லாம் ஒரே ஊடுங்க. மாமனாரு காலத்துக்கப்பறம் நடுவுல ஒரு செவுரு வெச்சு ரெண்டாக்கினோம். தெக்கால பாதி, வடக்கால பாதி. எங்க வழியில தெக்குப் பாகம் மூத்தவனுக்குத்தான். ஆனா பாகம் பிரிக்கற அன்னைக்குத் தங்கவேலு, அண்ணா, எனக்குத் தெக்கால இருக்கட்டும், காத்து நல்லா வருதுன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. எங்கூட்டுக்காரரு, எடுத்துக்கடான்னுட்டாரு. பெரிய மனுசங்க எல்லாம் சுத்தி உக்காந்திருக்கறாங்க, நான் என்னத்தப் பேசறது? காலி டம்ளர எடுத்துட்டு உள்ள போனவ போனவதான்.

அதை விடுங்க. அது பழசு. சொல்ல வந்தது போன மாசி மாசத்துல இருந்து நடந்தது.

என்ற பையன் நவநீதன். ஒரே பையன். பெங்களூருல கம்பெனி வேலை. மாசியில லீவுக்கு வந்தவன் கம்ப்யூட்டரத் தூக்கி மடியில வெச்சுட்டு, அம்மா, கவர்மெண்டு சோலார் திட்டம் ஒண்ணு வந்திருக்குது, மானியம் நேரா நம்ம கணக்குலயே ஏறிரும், மிச்சத்துக்கு பேங்க்ல கம்மி வட்டிக்கு லோன் தர்றாங்க, கரண்டு பில்லுல மிச்சமாகறதையே தவணையாக் கட்டிக்கலாம்னு வெளக்கினான். நான் என்ன சொல்லுவனுங்க? பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருந்து ஓய்வானவ நானு. கவர்மெண்டுப் பணம் எத்தனை படி ஏறி எறங்கி வரும்னு எனக்குத் தெரியாதா? போடா, கடனை வாங்கிட்டு வந்து கூரை மேல காயப்போடறதான்னு கேட்டேன். சரிம்மான்னு எந்திரிச்சுப் போயிட்டான்.

எங்க போனான்? நேரா அவங்க சின்னம்மா ஊட்டுக்கு.

ஒருக்காத்தான் கேட்டான் தம்பி. பெத்தவகிட்ட மறுக்கா ஒரு தரம் கேக்க வேண்டாமுங்களா? சின்னப் பையனா இருக்கறப்ப ஒரு முட்டாய்க்குக் காலைப் புடிச்சுட்டுத் தொங்குவான். அங்க போய்ச் சொன்னதும் அவ, கண்ணு, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு எல்லாத்தையும் இவன் கையிலயே குடுத்துட்டாளாம். அவளுக்கு என்ன தெரியும்? ஆதார் கார்டையே தலைகீழாப் புடிச்சுட்டு நிப்பா. இவன்தான் பெங்களூருல உக்காந்துட்டே அவளுக்கு எல்லாத்தையும் பதிஞ்சு குடுத்தான். பேங்க் மேனேஜருகிட்டப் போன்ல பேசினான். நான் கேஸ் சிலிண்டர் பதியக் கூப்புட்டா, மீட்டிங்ல இருக்கறேன்மாங்கற பையன்.

அவளுக்குப் புள்ளை இல்லீங்க. அதை நான் குத்திக் காட்டறவ இல்ல. நவநீதனை அவதான் பாத்துக்கிட்டா, அதையும் நான் மறைக்கல. காலையில பள்ளிக்கூடத்துக்குப் போய் அரிசி பருப்பு அளந்து போடணும், பையனை அவ மடியில தள்ளிட்டு ஓடுவேன். பொழுதோட வந்து தூக்கினா, என்ற தோள்ல இருந்துட்டே அவளப் பாத்துக் கையை நீட்டுவான். நான் வேலைக்குப் போனது யாருக்கு? அவனுக்குத்தான. அந்தக் கணக்கு கொழந்தைக்குத் தெரியுங்களா?

சித்திரையில பேனல் வந்து எறங்குச்சு. கற்பூரம் காட்டி, பூசணிக்கா ஒடச்சு, என்னமோ கார் வாங்கின மாதிரி. வீதியே மாடியில நின்னுது. நானும் போனேன், போகாட்டிப் பொறாமைம்பாங்க. அத்தனை பேருக்கு முன்னால சாந்தாமணி, அக்கா, நீங்க மொதல் சுச்சப் போடுங்கன்னு என்ற கையைப் புடிச்சு இழுத்தா. பக்கத்து எலைக்குப் பாயசம் ஊத்த நான் கரண்டியத் தூக்கிட்டு நிக்கோணுமாம். போட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. சொல்றதுல என்ன, எரிஞ்சுது. சித்திரை வெயில்லன்னு வெச்சுக்கங்க.

அதோட விட்டாளா? பேனல் கம்பியில திருஷ்டிக்குன்னு ஒரு கத்தாழை, நாலு வரமொளகா, ஒரு படிகாரக் கட்டி, எல்லாஞ் சேத்துத் தொங்க விட்டா. எந்தப் பக்கம் பாத்துன்னு நெனைக்கறீங்க? வடக்கப் பாத்து. வடக்கால யாரு இருக்கறாங்க? நாங்கதான. தெசை நாலு இருக்குது, இந்தத் தெசைக்கு மட்டும் எதுக்குங்க படிகாரம்?

அப்பறம் பில்லு. புது மீட்டர் வெச்சாங்க பாருங்க, நாம எடுக்கற கரண்டையும் எண்ணும், நாம குடுக்கற கரண்டையும் எண்ணும்னு. ரீடிங் எடுக்க வந்தவரு பாத்துட்டு, இந்தத் தடவை உங்க ஊட்டுல இருந்துதாங்க நாங்க வாங்கியிருக்கறோம்னு சொல்லிச் சிரிச்சாராம். இதை சாந்தாமணி கடை கடையாச் சொல்லிட்டு வந்தா. சரி, அவ சொல்லல, தங்கவேலு டீக்கடையில சொன்னாரு. ரெண்டும் ஒண்ணுதான.

ஃபேனெல்லாம் மாத்திட்டாங்க. கரண்டு கம்மியா இழுக்கற ஃபேனாம், ரிமோட்டு வெச்சது. ஃபேனுக்கு எதுக்குங்க ரிமோட்டு, எந்திரிச்சு ஒரு எட்டு வெச்சாச் செவுரு. ஏ.சி. வாங்கினாங்க. அது பகல்ல ஓடும்ங்க, பகல்ல. எங்க ஊட்டுலயும் ஏ.சி. இருக்குது, அதோ பாருங்க. பையன் வாங்கிக் குடுத்தது. தூசு படாம உறை தெச்சுப் போட்டிருக்கறேன். விருந்தாளி வந்தா உறையைக் கழட்டுவேன். போடமாட்டேன். பில்லு யாரு கட்டறது?

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். நீங்க மேல வந்தாப் பாக்கத்தான் போறீங்க. ஆனி மாசம் நான் ஒரு மறைப்பு வெச்சேன். ரெண்டு மாடிக்கும் நடுவுல கைப்பிடிச் செவுரு மேல இரும்புச் சட்டம் வெச்சு, ஆளுயரத்துக்கும் மேலயே தகரம். காத்துக்குத்தான் வெச்சது. துணி காயப்போடற எடம், ஒரு மறைவும் வேணுமுங்களே. மாட்ட வந்த பட்டறைக்காரரு கேக்கறாரு, ஏனுங்கம்மா, நம்ம ஊருக்குக் காத்து மேக்கால இருந்துல்ல வருது, தெக்கால எதுக்கு மறைப்புன்னு. எந்தக் காத்துன்னு எனக்குத் தெரியும், நீங்க முடுக்குங்கன்னேன். நட்டெல்லாம் அந்தப் பக்கம் வர்ற மாதிரி முடுக்கச் சொன்னேன். நம்ம பக்கம் லச்சணமா இருக்கோணும் பாருங்க. நட்டும் துருவும் அவ பாத்துட்டுக் கெடக்கட்டும். அவங்க கோயிலுக்குப் போயிருந்த நேரம், பட்டறைக்காரரும் செவுரு தாண்டி அவங்க மாடியில நின்னு முடுக்கிப்போட்டு, அவங்க வெளிப்படி வழியாவே எறங்கிப் போயிட்டாரு.

அடுத்த நாள் காலையில மேல போய்ப் பாத்தேன். செவுத்தோர வரிசைப் பேனல் மேல நெழல் பட்டையாக் கெடந்துது. நெழல் விழுகட்டும்னு நான் வெக்கல. விழுந்துது. நான் என்ன பண்றது, சூரியனைப் புடிச்சு நானா திருப்பினேன்? எங்கூட்டுக்காரரு பின்னாலயே வந்து நின்னு, தன்ற மூக்குப் போனாலும் சரி, எதிராளிக்குச் சகுனத்தடை ஆகோணும்ங்கற கதையா இருக்குதுன்னாரு. என்ற மூக்கு நல்லாத்தான் இருக்குது, நீங்க கீழ போங்கன்னேன்.

அப்பத்தான் சாந்தாமணியும் அவங்க மாடிக்கு வந்தா. தகரத்தப் பாத்தா, பேனலைப் பாத்தா, அப்பறம் தகரத்தோட ஓரத்துல எட்டி என்னைப் பாத்தா.

"காத்துக்காங்கக்கா?"ன்னு கேட்டா.

"காத்துக்குத்தான்"னேன்.

"நல்லதுங்க"ன்னு சொல்லிப்போட்டு எறங்கிப் போயிட்டா. அவ்வளவுதானுங்க. ஒரு சண்டை போட்டிருக்கலாமுங்களே? பதிலெல்லாம் நான் தயாரா வெச்சிருந்தேன். பாகம் பிரிச்சதுல இருந்து ஆரம்பிச்சு ஒண்ணுவிடாம. அத்தனையும் வீணாப் போச்சு. அன்னைக்கிருந்து பேச்சு வார்த்தை இல்ல. அவ பேசறதில்லையா, நான் பேசறதில்லையான்னு கேக்காதீங்க. பேச்சு இல்ல.

அவ ஊட்டுப் பேனல்ல எவ்வளவு கரண்டு வருதுங்கறது என்ற பையன் போன்லதான் தெரியுமுங்களாம். அதுலயும் பாருங்க, அவ ஊட்டு வெயிலு அவன் சட்டைப் பையில. ஆனி கடைசியில கூப்புட்டான். அம்மா, சின்னம்மா ஊட்டுல கரண்டு கொஞ்சம் கொறையுது, ஏதாவது மறைக்குதான்னு கேட்டான். மேகம்டான்னேன். சின்னம்மாவும் மேகம்னுதான் சொல்றாங்கன்னான். எனக்கு ஒரே ஆச்சரியம். நான் சொன்னேன்னா அது வேற. அவளுக்கு என்னங்க வந்துது, பொய் சொல்ல? என்னமோ திட்டம் வெச்சிருக்கறாள்னு நெனச்சேன்.

ஆடி பொறந்துது, காத்து பொறந்துது. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, தகரம் எம்மாத்தரம்? படபட படபடன்னு ஒரே அடி. பிச்சுட்டு வந்து நம்ம தலையிலயே விழுந்துருமோன்னு எனக்கே பயம். எங்கூட்டுக்காரரு கழட்டிருலாம்ங்கறாரு. கழட்டினா நான் தோத்த மாதிரி ஆகாதுங்களா? இருக்கட்டும்னேன். அப்பறம் ஒரு நாள் சத்தம் அப்படியே நின்னு போச்சு. பாத்தீங்களா, காத்தே அடங்கிருச்சுன்னேன். அம்மன் புண்ணியம்.

அதுக்கப்பறந்தான் எனக்கு அந்தப் பேனல் சங்கதி புரிஞ்சுது. வருசா வருசம் மார்கழியில தெக்குச் செவுத்தோரமாத்தான் மொளகா காயப்போடுவேன். ரெண்டே வெயில்ல கலகலன்னு காஞ்சுரும். இந்த வருசம் ஈரமே போகல. அத்தனையும் பூசணம் புடிச்சுப் போச்சு. எல்லா வெயிலையும் அந்தப் பேனல் இழுத்துக்குதுங்க. சிரிக்காதீங்க தம்பி. படிச்சவங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு தெரியும். பக்கத்துத் தோட்டத்துல ஆழமா போர் போட்டா நம்ம கெணத்துல தண்ணி எறங்குதா இல்லீங்களா? அதே மாதிரித்தான். ஆறு பேனல் அங்க இழுத்தா நமக்கு என்ன மிஞ்சும்? அதனாலதான் சொல்றேன், நாம ஏழு போட்டா நாம இழுத்துக்கலாம்.

இல்லீங்க, நீங்க கேக்கறது சரி. மொளகாய்க்காக யாராவது லோன் போடுவாங்களா? சொல்றேன்.

பேத்தி பொறந்திருக்குதுங்க. புரட்டாசியில. மருமக யாழினிக்கு அம்மா ஊடு கரூரு, தாயும் புள்ளையும் அங்கதான் இருக்கறாங்க. பையன் பொங்கலுக்குக்கூட அங்கதான் போனான். வர்ற மாசியில பேத்தியை மொதல் தரம் இங்க கூட்டியாறோம். கோடை முடியற வரைக்கும் இங்கதான் இருப்பாங்க. நான் தொட்டில் கட்டற சீலையெல்லாம் தொவச்சு மடிச்சு வெச்சுட்டேன். நவநீதனுக்குக் கட்டின அதே விட்டம், அதே கொக்கி.

பையன் போன் பண்றான். அம்மா, பாப்பாவுக்குச் சூடு ஆகறதில்ல, மேலெல்லாம் வேக்குரு வந்துருது, அதனால பகல்ல சின்னம்மா ஊட்டு ஏ.சி.யில போட்டுக்கறோம், பொழுதோட நம்ம ஊட்டுக்கு வந்தர்றோம்ங்கறான். சாதாரணமாச் சொல்றான், என்னமோ தண்ணி புடிக்கற எடத்த மாத்தற மாதிரி. நம்ம ஊட்டுலயும் ஏ.சி. இருக்குதுடான்னேன். நீங்கதான் உறையைக் கழட்ட மாட்டீங்களேம்மான்னு சிரிக்கறான். சாந்தாமணி புதுசாக் கொக்கி வாங்கி மாட்டியிருக்கறாளாம். இத்தனை வருசத்துல அந்தப் பாகத்துல தொட்டிலே கட்டினதில்ல. இப்பக் கட்டப்போறா. என்ற பேத்திக்கு.

பையன் காலத்துலயும் அப்படித்தானுங்க. அவன் தவழ்ந்தது, எட்டு வெச்சது, மொதல் வார்த்தை பேசினது எல்லாம் பகல்ல. எல்லாம் அவகிட்ட. பொழுதோட வந்து நான் வாங்கறப்ப அவன் கண்ணு சொக்கிட்டு இருக்கும். இப்பப் பேத்தியும் அதே மாதிரி. எனக்கு எப்பவுமே தூங்கற கொழந்தைதானுங்களா தம்பி?

அதுதான் என்ற தேவை. எழுதிக்கங்க. பகல் முழுக்க ஏ.சி. ஓடோணும், பில்லைப் பாத்து நான் பயப்படக் கூடாது. அதனாலதான் மாசியில வேண்டாம்னவ இப்ப நானே பேங்க் படி ஏறிக் கேட்டேன். வாங்க, மேல போலாம். படி செங்குத்து, பாத்து வாங்க.

இதுதான் நம்ம மாடி. கூட்டி வெச்சிருக்கறேன். இந்தப் பக்கம் தண்ணித் தொட்டி, அந்தப் பக்கம் படிக்கட்டு ரூமு. நடுவுல எவ்வளவு எடம் பாருங்க. எங்க வேணும்னாலும் போடலாம். ஏனுங்க, அங்கியே நின்னுட்டீங்க? எந்த நெழலு?

அது தகரத்து நெழலுங்க. அதான் சொன்னேனே.

என்ன சொல்றீங்க? திருப்பிச் சொல்லுங்க. இப்ப சூரியன் தெக்கால சாஞ்சு போகுது, அதனால நெழலு வடக்கால நம்ம மாடியில விழுகுது. வைகாசியில இருந்து ஆடி வரைக்குந்தான் சூரியன் கொஞ்சம் வடக்கால வரும், அப்ப மட்டும் அவங்க பக்கம் விழும். அப்பன்னா ஆவணியில இருந்தே இந்தத் தகரம் நம்ம மாடியத்தான் மறைச்சுட்டு நிக்குதுங்கறீங்க.

இருங்க தம்பி. சித்தெ உக்காந்துக்கறேன்.

எனக்குத் தெரியாததுங்களா இது? நாள் கெழமை பாத்து, தை பொறந்தா சூரியன் வடக்கத் திரும்புதுன்னு பொங்க வெக்கறவதான நானு. இதே மாடியிலதான் பொங்க வெச்சேன். அடுப்பு மொதல்ல அந்தச் செவுத்தோரம் கூட்டினேன், வெயிலே படலைன்னு இந்தப் பக்கமா நகத்தி வெச்சேன். நானேதான் நகத்தினேன். அப்பக்கூட மண்டையில ஏறலையே. மொளகாயும் அதனாலதானுங்களா? பேனல் இழுக்கலையா? இழுக்காதுங்களா. சரி.

சரி, எவ்வளவு போடலாம், அதைச் சொல்லுங்க. தகரம் இருந்தா மூணுக்கே எடமில்லையா? கழட்டினா? ஆறா. ஆறுதானுங்களா? அளந்து பாத்துச் சொல்லுங்க. அளந்துட்டீங்களா. ஆறு.

கழட்டிரலாம். பேத்திக்காகத்தான, இதுல தோக்கறது ஒண்ணுமில்ல. எங்கூட்டுக்காரரும் வந்துட்டாரு, கீழ சைக்கிள் சத்தம் கேக்குது பாருங்க. அவரு ஏறி வர்றதுக்குள்ள கழட்டிட்டா அந்த மூக்குப் பழமொழிய மறுக்காக் கேக்க வேண்டியதில்ல. உங்ககிட்ட ஸ்பேனர் இருக்குமுங்களே?

ஆமா. நட்டு அந்தப் பக்கம். நாந்தான் சொன்னேன். ஆமாங்க, நாந்தான் சொன்னேன்.

செவுத்தோரமா எட்டிப் பாருங்க, துரு புடிச்சிருக்குதான்னு. மழையெல்லாம் பேஞ்சுதே. ஆட்டிப் பாருங்க. அசையலையா? என்னது? சைக்கிள் டியூப்பா? டியூப்ப வட்டமா வெட்டி ஒவ்வொரு நட்டுக்கும் அடியில போட்டு, மேல கம்பி சுத்தி முறுக்கியிருக்குதா? எல்லா நட்டுக்குமா?

பட்டறைக்காரரு அப்படிப் போடலைங்களே. வெறும் நட்டுத்தான் போட்டாரு, நான் பக்கத்துலயே நின்னேன்.

அப்ப ஆடியில சத்தம் நின்னுது பாருங்க. காத்து நின்னு போச்சுன்னு சொன்னேனே. காத்து நிக்கலீங்களா.

அவ கையிலதானுங்க இருந்துருக்குது இத்தனை நாளும். நாலு நட்டத் திருகி விட்டிருந்தா ஒரே காத்துக்குத் தகரம் பறந்து போயிருக்கும். யாரு என்ன கேக்க முடியும்? ஆடிக்காத்து மேல பழியப் போட்டிருக்கலாம். அவ பேனலுக்கு வெயிலு கெடைச்சிருக்கும். நானா இருந்தா கழட்டி விட்டிருப்பேன் தம்பி. சத்தியமாச் சொல்றேன், மொத நாளே கழட்டியிருப்பேன். அவ உக்காந்து டியூப்பு வெட்டி இறுக்கி விட்டிருக்கறா. என்ற தலையில விழுந்துரக் கூடாதுன்னா? இல்ல, என்னைத் தலை குனிய வெக்கோணும்னா? என்ன எண்ணத்துல செஞ்சாளோ, யாரு கண்டா.

உங்ககிட்ட ஸ்பேனரும் இல்லையா? அவங்க ஊட்டுல நீங்க போய்க் கேக்கறீங்களா? வேண்டாம். நீங்க கேட்டா, அக்கா ஆள் அனுப்பிச்சாங்கம்பா. எங்கூட்டுக்காரரு கேட்டா தங்கவேலு டீக்கடையில சொல்லுவாரு. இருங்க. நானே கூப்புடறேன். இங்க இருந்தே கூப்புடறேன், கேட்டாக் கேக்கட்டும். ஆனியில இருந்து இந்தப் பேர என்ற வாய் சொல்லல, வருதான்னு பாக்கறேன்.

சாந்தாமணி. ஏ சாந்தாமணி.

"என்னுங்கக்கா?"

பாத்தீங்களா, ஒரு குரலுக்கே. இதுக்கேன்னு படியிலயே நின்னுட்டிருந்தவ மாதிரி. சாந்தாமணி, இந்தத் தகரத்தக் கழட்டோணும். உங்கூட்டுல ஸ்பேனர் கெடக்குதா?

"இருக்குதுங்கக்கா. மேலயேதான் வெச்சிருக்கறேன்."

கேட்டீங்களா தம்பி? மேலயே வெச்சிருக்கறாளாம். இத்தனை மாசமா. இவகிட்ட நான் எதுலதானுங்க செயிக்கறது?